இளநீருக்கு ஒரு குணம், கொப்பரைக்கு ஒரு குணம்

சித்திரை வெயிலில் சாலையோர இளநீர் வண்டியின் முன் போய் நின்றால், கடைக்காரர் முதலில் கேட்பது ஒன்றுதான்: "தண்ணியாண்ணே, வழுக்கையா?" பதில் வந்ததும் குலையில் ஒரு காயை விரலால் சுண்டிப் பார்ப்பார். இன்னொன்றைத் தொட்டுவிட்டு ஒதுக்குவார். உள்ளே தண்ணீர்தான் இருக்கிறதா, வழுக்கை கட்டிவிட்டதா என்று அரிவாள் படுவதற்கு முன்பே அவருக்குத் தெரியும். பாளை வெடித்து ஆறேழு மாதமான காயில் தண்ணீர் நிறைந்திருக்கும். இன்னும் ஒன்றிரண்டு மாதம் போனால் வழுக்கை திரளும். பதினொன்று, பன்னிரண்டு மாதம் ஆனால் அது இளநீர் இல்லை, துவையலுக்கான தேங்காய்.

ஆயுர்வேதமும் தென்னையைப் பற்றிப் பேசும்போது இதே கேள்வியில்தான் தொடங்குகிறது. எந்தக் காய்? எந்தப் பருவம்?

பதினாறாம் நூற்றாண்டில் பாவமிச்ரர் எழுதிய 'பாவப்பிரகாசம்' தேங்காயை 'நாரிகேளம்' என்ற பெயரில் விவரிக்கிறது. தேங்காய் குளிர்ச்சி, எளிதில் செரிக்காது, உடலுக்கு வலு சேர்க்கும், சிறுநீர்ப்பையைச் சுத்தம் செய்யும், எரிச்சலைத் தணிக்கும் என்று பொதுக்குணம் சொல்லிவிட்டு, உடனே பருவம் பிரிக்கிறது. இளங்காய் பித்தக் காய்ச்சலுக்கும் பித்தக் கோளாறுகளுக்கும் நல்லது. அதே காய் முற்றிப் பழசானால் கனமாகிவிடும், பித்தத்தைக் கூட்டும், வயிற்றில் எரிச்சலையும் மந்தத்தையும் உண்டாக்கும். தண்ணீரோ இரண்டிலும் சேராமல் தனியாக நிற்கிறது: லேசானது, தாகம் தீர்ப்பது, பசியைத் தூண்டுவது, நெஞ்சுக்கு இதமானது. பித்தத்தைத் தணிக்கும் பொருளும் கிளப்பும் பொருளும் ஒரே மரத்தின் ஒரே காய்தான். நடுவில் சில மாதங்கள்தான் வித்தியாசம்.

இன்றைய விளம்பரங்களில் இந்தப் பிரிவினை அப்படியே காணாமல் போய்விட்டது. 'தேங்காய் நல்லது' என்ற ஒற்றை வரி மட்டும் மிஞ்சியிருக்கிறது. எண்ணெயைக் கரண்டியால் குடிக்கச் சொல்பவரும் சரி, தேங்காய்ச் சட்னியைக் கண்டாலே மாரடைப்பு வரும் என்று மிரட்டுபவரும் சரி, பழைய நூல்கள் கவனமாகப் போட்டுவைத்த நிபந்தனைகளைப் படித்ததாகத் தெரியவில்லை.

நூல்கள் சொல்லும் 'குளிர்ச்சி'யைத் தெர்மாமீட்டர் வைத்து அளக்க முடியாது. ஒரு பொருள் உள்ளே போனபின் உடலில் என்ன செய்கிறது என்பதுதான் கணக்கு. நெஞ்செரிச்சல், நீர்க்கடுப்பு, அதிக தாகம், உள்ளங்கால் எரிச்சல் ஆகியவற்றைப் பித்தம் மிகுந்ததன் அடையாளங்களாக ஆயுர்வேதம் பார்க்கிறது. இவற்றைத் தேங்காய் தணிக்கும். சளி, உடல் கனம், மந்தம் ஆகியவை கபத்தின் பக்கம். அவற்றைத் தேங்காய் கூட்டும். சரக சம்ஹிதையே தேங்காயைப் பனம்பழத்தோடு ஒரே வரிசையில் வைத்து, உடலை வளர்ப்பவை, நெய்ப்புள்ளவை, குளிர்ந்தவை என்று வகைப்படுத்துகிறது. ஆகவே மே மாதம் வெயிலில் வேலை பார்த்து வந்தவருக்கு மருந்தாவது, மார்கழியில் மூக்கடைத்துக் கிடப்பவருக்கு உபத்திரவம். "சளி பிடிச்சிருக்கு, இளநீர் வேண்டாம்" என்று பாட்டிமார் சொல்வதன் வேர் இங்கேதான் இருக்கிறது.

இளநீரின் வேதியியல் இன்று தெளிவாகத் தெரியும். அதில் பொட்டாசியம் ஏராளம். நூறு மில்லியில் ஏறத்தாழ 200 முதல் 250 மில்லிகிராம் வரை இருக்கும். சோடியம் அதைவிடக் குறைவு. வெயிலில் வாடி வருபவருக்கு இது பெரிய குறை இல்லை. வயிற்றுப்போக்கு என்று வந்தால் கதை வேறு. வயிற்றுப்போக்கில் உடல் இழப்பது முக்கியமாகச் சோடியத்தையும் நீரையும்தான். உலக சுகாதார நிறுவனம் வகுத்த ஓ.ஆர்.எஸ். கரைசலில் ஒரு லிட்டருக்கு 75 மில்லிமோல் சோடியம், 20 மில்லிமோல் பொட்டாசியம். இளநீரில் இந்த விகிதம் தலைகீழ். லேசான பேதிக்கு இளநீர் கொடுப்பதில் தவறில்லை. கண் குழி விழுந்த குழந்தைக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலத்துக்குப் பதிலாக இளநீரை நம்பி உட்காரக் கூடாது.

இளநீரை நரம்பு வழியாக ஏற்றிய கதையும் உண்டு. சாலமன் தீவுகளில் முறையான சலைன் கிடைக்காத நிலையில் ஒரு நோயாளிக்கு இளநீரையே ஊசி வழியாகச் செலுத்திச் சமாளித்ததை மருத்துவர்கள் 2000ஆம் ஆண்டில் ஓர் அவசர சிகிச்சை இதழில் பதிவு செய்தார்கள். காய்க்குள் இருக்கும்வரை அந்த நீரில் கிருமி இல்லை என்பதுதான் அந்தத் துணிச்சலுக்கு அடிப்படை. வேறு வழியே இல்லாதபோது செய்த காரியம் அது, யாரும் பின்பற்ற வேண்டிய முறை அல்ல.

இளநீரின் குளிர்ச்சியைப் பற்றி எழுதும்போது தமிழ்நாட்டில் ஒரு கசப்பான உண்மையைத் தாண்டிப் போக முடியாது. தென்மாவட்டங்களில் சில ஊர்களில், படுக்கையில் விழுந்த முதியவர்களுக்கு விடியற்காலையில் உடல் முழுக்க எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, அதன்பின் இளநீரை அளவில்லாமல் புகட்டும் பழக்கம் இருந்தது. சில நாட்களில் சாவு வந்துவிடும். 'தலைக்கூத்தல்' என்று அழைக்கப்பட்ட இந்தக் கொலை 2010 வாக்கில் விருதுநகர் வட்டாரத்திலிருந்து செய்தியாக வெளிவந்தது. தேசிய விருது பெற்ற 'பாரம்' திரைப்படம் இதைத்தான் பேசியது. தளர்ந்த சிறுநீரகத்துக்கு அளவு மீறிய இளநீர் என்ன செய்யும் என்பது மருத்துவம் படிக்காத கைகளுக்கும் தெரிந்திருந்தது. இளநீருக்குப் பக்கவிளைவே கிடையாது என்பவர்கள் இதையும் நினைவில் வைத்துக்கொள்ளலாம்.

இனி, தேங்காயே மருந்தாகும் இடம். புளித்த ஏப்பம், நெஞ்செரிச்சல், வாயில் புளிநீர் ஊறுதல் ஆகிய தொல்லைகளை ஆயுர்வேதம் 'அம்லபித்தம்' என்கிறது. அதற்கு 'நாரிகேள கண்டம்' என்றொரு மருந்து உண்டு. தேங்காயை விழுதாக அரைத்து, பசுநெய்யில் வதக்கி, தேங்காய்த் தண்ணீரும் சர்க்கரையும் சேர்த்துக் கிளறுவார்கள். இறக்கும் பதத்தில் தனியா, திப்பிலி, கோரைக்கிழங்கு, மூங்கிலுப்பு, சீரகம், ஏலம், இலவங்கப்பட்டை முதலியவற்றின் பொடியைத் தூவுவார்கள். பார்வைக்குத் தேங்காய்ப் பர்பி போலவே இருக்கும். சர்க்கரை நோயாளிகள் அந்த ஒற்றுமையை மறக்காமல் இருப்பது நல்லது.

இன்னொன்று 'நாரிகேள லவணம்'. அதன் செய்முறையே சுவாரசியமானது. முற்றிய தேங்காயைத் தண்ணீரோடு எடுத்துக் கண்ணைத் துளைத்து, அதன் வழியாக இந்துப்பைத் திணித்து நிரப்புகிறார்கள். துளையை அடைத்து, காய் முழுவதற்கும் மண் பூசிக் காயவைத்து, வரட்டி நெருப்பில் புடம் போடுகிறார்கள். ஆறியபின் மண்ணையும் ஓட்டையும் உடைத்தால் உள்ளே உப்பும் பருப்பும் ஒன்றாகிக் கருகி நிற்கும். அதைப் பொடித்துத் திப்பிலிப் பொடியோடு கொடுப்பார்கள். சாப்பிட்டு, செரிக்கும் நேரத்தில் வரும் வயிற்றுவலிக்கானது இது. சிறுகுடல் புண்ணோடு இந்த வலியை இன்றைய ஆயுர்வேத மருத்துவர்கள் ஒப்பிடுவதுண்டு. இது அடிப்படையில் உப்பு என்பதால் ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள் தாமாக வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல.

ஆனால் தென்னை ஆயுர்வேதத்தில் முழு ராஜ்யம் நடத்துவது வயிற்றில் அல்ல, தோலிலும் தலையிலும்தான், அதுவும் கேரளத்தில். வடக்கே ஆயுர்வேதத் தைலம் என்றால் பெரும்பாலும் நல்லெண்ணெய்தான் அடிப்படை. நூல்கள் எண்ணெய்களுக்குள் தலைமை இடம் கொடுப்பதும் எள்ளெண்ணெய்க்கே. நல்லெண்ணெய் சூடு, தேங்காயெண்ணெய் குளிர்ச்சி. ஈரமும் வெப்பமும் கலந்த மலையாளக் கரையில், தென்னை கொல்லையிலேயே நிற்க, அங்குள்ள வைத்தியர்கள் தலைக்கும் தோலுக்குமான தைலங்களைத் தேங்காயெண்ணெயில் காய்ச்சத் தொடங்கினார்கள். இவற்றுக்குக் 'கேரம்' என்று பெயர். நீலிபிருங்காதி கேரம், ஏலாதி கேரம், தூர்வாதி கேரம், செம்பருத்யாதி கேரம் என்று வரிசை நீளும். கேரள வைத்தியர்களின் கைநூலான 'சஹஸ்ரயோக'த்தில் இந்த வகை யோகங்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன. 1902இல் பி.எஸ்.வாரியர் கோட்டக்கல்லில் ஆரிய வைத்தியசாலையைத் தொடங்கி, வைத்தியர் வீட்டு அடுப்பில் காய்ந்தவற்றைப் புட்டியில் அடைத்து விற்கும் முறைக்கு வழி திறந்தார்.

நீலிபிருங்காதியை எடுத்துக்கொள்வோம். முடி உதிர்வுக்கும் இளநரைக்கும் பேர்போன தைலம். அவுரி, கரிசலாங்கண்ணி, முடக்கத்தான், நெல்லிக்காய் இவற்றின் சாறு; ஆட்டுப்பால், எருமைப்பால், பசும்பால், தேங்காய்ப்பால்; அதிமதுரம், குன்றிமணி, அஞ்சனக்கல் சேர்த்தரைத்த விழுது. எல்லாம் தேங்காயெண்ணெயில் சேர்ந்து கொதிக்கின்றன. தைலம் காய்ச்சப் பொதுவான கணக்கு உண்டு: விழுது ஒரு பங்கு, எண்ணெய் நான்கு பங்கு, சாறும் பாலும் பதினாறு பங்கு. அத்தனை நீரும் வற்ற வேண்டும், எண்ணெய் கருகவும் கூடாது. பதம் பார்ப்பவர் கரண்டியில் கொஞ்சம் கசடை எடுத்து விரலிடுக்கில் உருட்டுவார். ஒட்டாமல் திரிபோல் உருண்டு வரவேண்டும். அந்தத் திரியை நெருப்பில் காட்டுவார். சடசடவென்று பொரிந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. சத்தமில்லாமல் எரிந்தால் சரி. நெய் காய்ச்சும்போது நுரை அடங்கினால் பதம். எண்ணெயில் நுரை கிளம்பினால் பதம் என்பதும் அந்தக் காலத்துச் சோதனை.

இதை யூடியூபில் பார்த்துவிட்டு வீட்டில் காய்ச்சிப் பார்க்கலாமே என்று தோன்றும். வேண்டாம். குன்றிமணி கொடிய விஷம். சுத்தி செய்யாமல் தொடக்கூடாத விதை அது. மூலிகை என்பதாலேயே எல்லாம் சாதுவாகிவிடாது.

ஆல், அரசு, அத்தி, இத்தி ஆகிய நான்கு மரப்பட்டைகளும் மஞ்சளும் சேரும் நால்பாமராதி கேரத்தைச் சொறி, சிரங்கு, கருமைக்குத் தேய்க்கிறார்கள். முறிவெண்ணெய் வேறு ரகம். புங்கன் இலை, வெற்றிலை, கற்றாழை, முருங்கை, தண்ணீர்விட்டான் கிழங்கு, சின்ன வெங்காயம், அரிசி கழுவிய நீர் எல்லாம் சேர்ந்து பச்சை நிறத்தில் இறங்கும். களரி ஆசான்களும் எலும்பு வைத்தியர்களும் சுளுக்குக்கும் அடிபட்ட வீக்கத்துக்கும் துணியை இதில் நனைத்துக் கட்டுவார்கள். கண்ணுக்கு 'இளநீர்க் குழம்பு' உண்டு. இளநீரில் திரிபலை, மரமஞ்சள், அதிமதுரம் இவற்றைக் காய்ச்சிச் சுண்டவைத்து, தேன், இந்துப்பு, பச்சைக்கற்பூரம் சேர்த்த மருந்து அது. மைபோல இட்டதும் கண் பற்றி எரியும், நீர் கொட்டும், பிறகு குளிரும். பிரசவித்த பெண்களின் இடுப்புவலிக்குத் தென்னம்பூக்குலையிலிருந்து லேகியம் செய்வதும் கேரளத்து வழக்கம்.

பழைய திருவிதாங்கூரோடு இருந்த கன்னியாகுமரி மாவட்டத்திலும் இந்த மரபின் ஒரு கிளை உண்டு. அங்கே பச்சைக்குழந்தைக்குக் கடை எண்ணெய் தேய்க்கமாட்டார்கள், உருக்கெண்ணெய்தான். தேங்காயைத் துருவிப் பிழிந்த பாலை உருளியில் ஊற்றிச் சிறுதீயில் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் பொங்கும், பிறகு திரிதிரியாகத் திரியும், நீர் வற்றியதும் எண்ணெய் மேலே தெளியும். அடியில் தங்கும் பொன்னிறக் கசடைச் சீனி போட்டுத் தின்ன வீட்டுப் பிள்ளைகள் அடுப்படியிலேயே காத்திருப்பார்கள். செலவு அதிகம், வரும் எண்ணெய் கொஞ்சம். இன்று 'விர்ஜின்' என்ற பெயரில் கடைகளில் விலை உயர்த்தி விற்கும் எண்ணெய்க்கு இது மூத்த உறவு.

தமிழ்நாட்டுச் சித்த மருத்துவத்துக்கும் தேங்காயெண்ணெயில் சொந்தமாக ஒரு சாதனை இருக்கிறது. வெட்பாலை இலையைப் பறித்து, கிள்ளி, தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைக்கிறார்கள். அடுப்பே கிடையாது, சூரிய புடம்தான். சில நாட்களில் பச்சை இலை போட்ட எண்ணெய் கருநீலமும் ஊதாவும் கலந்த நிறத்துக்கு மாறிவிடும். அவுரியைப் போலவே நீலச்சாயம் தரும் சத்து வெட்பாலை இலையிலும் இருப்பதுதான் காரணம். காளாஞ்சகப்படை என்னும் சோரியாசிஸ் நோய்க்கு இதை மேலே பூசுகிறார்கள். சித்த மருத்துவ ஆய்வுகளின் வழியாக '777 எண்ணெய்' என்ற பெயரில் இது பரவலானது. தேங்காயின் ஓட்டைக்கூடச் சித்தர் மரபு விடவில்லை. கொட்டாங்குச்சியைச் சுடும்போது கசியும் கரிய எண்ணெயைப் படர்தாமரையின்மேல் தடவுவார்கள்.

இவற்றில் எதை இன்றைய ஆய்வு ஒப்புகிறது?

தோலுக்கும் முடிக்கும் ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. 2003இல் மும்பையில் ரேலே, மோஹிலே என்ற இரண்டு ஆய்வாளர்கள் தேங்காயெண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் முடியில் தடவி ஒப்பிட்டார்கள். முடியிலிருந்து புரதம் இழப்பதைக் குறைத்தது தேங்காயெண்ணெய் மட்டுமே. அதன் லாரிக் அமிலம் சிறிய, நேர்கோட்டு மூலக்கூறு என்பதால் முடித்தண்டுக்குள் நுழைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இருவரும் 'பாராசூட்' தயாரிக்கும் மேரிகோ நிறுவனத்து ஆய்வாளர்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். இருக்கும் முடி சேதமாகாமல் காக்கும் என்றுதான் ஆய்வு சொல்கிறது, வழுக்கையில் முடி முளைக்கும் என்று அல்ல. பிலிப்பைன்ஸில் தோல் அழற்சி உள்ள 117 குழந்தைகளிடம் 8 வாரம் நடந்த ஆய்வில், மினரல் ஆயிலைவிட விர்ஜின் தேங்காயெண்ணெய் கூடுதல் பலன் தந்தது. பச்சைக்குழந்தைகளுக்கு எண்ணெய் தேய்த்து மும்பையில் நடத்தி 2005இல் வெளியான ஆய்விலும் தேங்காயெண்ணெய் தேய்த்த குழந்தைகளின் எடை நன்றாகக் கூடியது. உருளியின் முன் உட்கார்ந்து பால் கிளறிய குமரிப் பாட்டிகளுக்கு இது பெரிய ஆச்சரியமாக இராது.

எண்ணெய் கொப்பளிப்பதில் மட்டும் ஒரு சின்னத் திருத்தம். 'ஆயுர்வேத முறை' என்று சொல்லித் தேங்காயெண்ணெயைக் கொப்பளிக்கச் சொல்கிறார்கள். கொப்பளிக்கும் வழக்கம் ஆயுர்வேதத்துடையதுதான். ஆனால் நூல்கள் முதன்மையாகச் சொல்லும் எண்ணெய் நல்லெண்ணெய்.

உணவு எண்ணெயாக வரும்போதுதான் சண்டை. தேங்காயெண்ணெயில் ஏறக்குறைய 90 விழுக்காடு நிறைகொழுப்பு, வெண்ணெயைவிட அதிகம். அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் இதைத் தவிர்க்கச் சொன்னது. 16 ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான அலசல், மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் கெட்ட கொழுப்பான எல்.டி.எல்.லைச் சுமார் 10 மில்லிகிராம் உயர்த்துகிறது, நல்ல கொழுப்பையும் 4 மில்லிகிராம் உயர்த்துகிறது என்றது. மறுபக்கம், இதயநோயாளிகள் 200 பேரை இரண்டு பிரிவாக்கிக் கொச்சியில் இரண்டு ஆண்டு நடத்திய ஆய்வில், தேங்காயெண்ணெயில் சமைத்தவர்களுக்கும் சூரியகாந்தி எண்ணெயில் சமைத்தவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அவர்கள் ஏற்கெனவே கொழுப்புக்கு மாத்திரை சாப்பிட்டவர்கள் என்பது கவனிக்க வேண்டியது. பசிபிக்கின் டோக்கலாவ் தீவில் மக்கள் தங்கள் உணவாற்றலில் 63 விழுக்காட்டைத் தேங்காயிலிருந்தே பெற்றும் இதயநோய் அரிதாக இருந்தது என்ற 1981ஆம் ஆண்டு ஆய்வைத் தேங்காய் ஆதரவாளர்கள் அடிக்கடி காட்டுவார்கள். அந்த மக்கள் தின்றது நார்ச்சத்தோடு கூடிய தேங்காயை, கூடவே மீனை. புட்டி எண்ணெயில் பொரித்த சிப்ஸை அல்ல.

எளிதில் செரிக்காதது, உடலைப் பெருக்க வைப்பது என்று பாவமிச்ரர் எழுதியதை இந்த வெளிச்சத்தில் படித்தால் அவர் எச்சரித்தது போலவே இருக்கிறது. மெலிந்தவருக்கும் உழைப்பாளிக்கும் அது வரம். நாற்காலியில் உட்கார்ந்தே நாளைக் கழிக்கும் பருத்த உடலுக்கு அதே குணம் சுமை. அவியலுக்கு மேலாக ஊற்றும் ஒரு கரண்டி எண்ணெயையும் சட்னிக்குத் துருவிய அரைமூடியையும் கண்டு பயப்பட வேண்டியதில்லை. காலையில் வெறும் வயிற்றில் கரண்டி கரண்டியாக எண்ணெய் குடிப்பதற்கு ஆயுர்வேதத்தின் பெயரைச் சொல்வதுதான் அநியாயம்.

தேங்காயெண்ணெய் உணவா, கேசத் தைலமா என்ற குழப்பம் நீதிமன்றம் வரை போனது. சேலம் கலால் துறையின் வழக்கொன்று ஆண்டுக்கணக்கில் இழுத்து, 2018இல் உச்ச நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் மாறுபட்ட தீர்ப்பு எழுதி, கடைசியில் 2024 டிசம்பரில் மூவர் அமர்வு முடித்துவைத்தது. கேசத் தைலம் என்று பெயர் ஒட்டி விற்காதவரை, சிறு புட்டியில் அடைத்தாலும் தூய தேங்காயெண்ணெய் சமையல் எண்ணெய்தான் என்பது தீர்ப்பு. அப்போது சமையல் எண்ணெய்க்கு வரி 5 விழுக்காடு, கேசத் தைலத்துக்கு 18.

வாசகர்கள் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. சிறுநீரகம் பழுதடைந்தவர்களும், பொட்டாசியத்தை உடலில் தேக்கும் சில ரத்தக்கொதிப்பு, இதய மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களும் இளநீரைச் சாதாரண பானமாக எண்ணக் கூடாது; ரத்தத்தில் பொட்டாசியம் ஏறினால் இதயத்துடிப்பே தடுமாறும். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கப் போகும்போது மாத்திரைச் சீட்டோடு, தினமும் எத்தனை இளநீர் குடிக்கிறீர்கள் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள்.